ஒரு பானைச் சோறும் நான்கு வயல்களும்: பூட்ஸ்ட்ராப் முறையின் இந்திய வேர்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. முழுமையை அறிய அதன் சிறு கூறு போதும் என்னும் நம்பிக்கை அதனுள் அடங்கியிருக்கிறது. புறநானூற்றின் நாற்பதாம் பாடலில் ஆவூர் மூலங்கிழாரும் இவ்வழியையே கைக்கொள்கிறார்; ஒரு யானை படுக்கும் அளவேயான இடத்தின் விளைவைக் கொண்டு கிள்ளிவளவனின் நாட்டு வளத்தை அளந்து காட்டுகிறார். புலவருக்கு அது அழகு. ஆனால் வரி விதிப்பவனுக்கும், தானியம் வாங்குபவனுக்கும், வெள்ளாமை பொய்த்து நிற்பவனுக்கும் இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. நாம் எடுத்த சோறு வேறொன்றாக இருந்திருந்தால், நம் முடிவு எவ்வளவு மாறியிருக்கும்?

பழமொழி இக்கேள்விக்கு விடை தருவதில்லை. விடை தேடும் முயற்சியே சென்ற நூற்றாண்டுப் புள்ளியியலின் பெரும்பகுதி எனலாம். அம்முயற்சியில் கிடைத்த கருவிகளுள் இன்று மிகப் பரவலாக வழங்குவது, 1979ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் பிராட்லி எஃப்ரான் வெளியிட்ட 'பூட்ஸ்ட்ராப்' என்னும் முறை. மருத்துவ ஆய்வு முதல் பங்குச் சந்தை வரை அது கையாளப்படுகிறது. அதன் வேர்களில் ஒன்று வங்காளத்துச் சணல் வயல்களிலும் பீகாரின் நெல் வயல்களிலும் ஊன்றியிருப்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவ்வரலாற்றைச் சொல்வதும், நம் வத்திராயிருப்பு வயல்களோடு அதற்குள்ள உறவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கண்மதிப்பிலிருந்து கூறெடுப்புக்கு

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இருந்தது ரயத்துவாரி முறை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் கணக்கு உண்டு. எந்த வயலில் என்ன பயிர் என்பதைக் கர்ணம் அடங்கலில் எழுதிவந்தார். அவர் எழுதியதெல்லாம் மெய்யா என்பது வேறு செய்தி. எழுதுவதற்கு ஓர் ஆளும் ஓர் ஏடும் இருந்தன. வங்காளம், பீகார் பகுதிகளில் நிலை வேறு. 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தால் ஜமீன்தார் செலுத்தவேண்டிய தொகை ஒரேயடியாக நிலைப்படுத்தப்பட்டது. வரி மாறாது என்றானபின் ஆண்டுதோறும் வயலைப் பார்க்கவேண்டிய தேவை அரசுக்கு இல்லாது போயிற்று. கிராமக் கணக்கு அமைப்பும் அங்கே வளரவில்லை. ஊர்க்காவலாளிகளைக் கேட்டும், அதிகாரிகளின் அனுமானத்தைக் கொண்டுமே பயிர்ப் பரப்பு எழுதப்பட்டது.

விளைச்சலைக் கணிப்பதோ எல்லா மாகாணங்களிலும் கண்மதிப்புதான். நல்ல ஆண்டின் விளைவைப் பதினாறு அணா என்று வைத்து, இவ்வாண்டு பத்தணா, பன்னிரண்டணா என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். எட்டணா வெள்ளாமை என்னும் பேச்சு நம் பெரியவர்கள் வாயிலும் உண்டு. அளந்து சொன்ன எண் போலத் தோன்றினாலும் அது பார்த்துச் சொன்ன எண்ணே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முன்னோடி ஜான் ஆஸ்டன் ஹப்பக் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. பின்னாளில் ஒரிசாவின் முதல் ஆளுநரானவரும் இவரே. 1920களில் பீகார், ஒரிசாப் பகுதிகளின் நெல் வயல்களில் சிறு சிறு இடங்களைத் தற்செயல் முறையில் தேர்ந்து அறுத்து எடைபோட்டார். நல்ல வயலென்றோ சாலையோரம் என்றோ அலுவலர் தம் விருப்பப்படி தேர்வதை அவர் விலக்கினார். அம்முயற்சியின் முடிவுகளை 1927ஆம் ஆண்டு பூசா வேளாண் ஆய்வு நிலையம் சிறு நூலாக வெளியிட்டது. நவீனப் புள்ளியியலின் தந்தையெனப் போற்றப்படும் ரொனால்டு ஃபிஷர், ஹப்பக்கின் இவ்வாய்வு தமது கூறெடுப்புப் பணிக்குத் துணைநின்றதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார்.

இரு குழுக்கள், ஒரு நாடு

ஹப்பக் தொடங்கியதைப் பெருவழியாக்கியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் (1893–1972). இயற்பியல் பேராசிரியராக இருந்து, 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவர். 1937இல் சணல் பயிரின் பரப்பையும் விளைச்சலையும் கூறெடுப்பால் அறியும் பணி அவரிடம் வந்தது. அன்று வங்காளச் சணல் உலகச் சந்தைக்குரிய பொருள். எவ்வளவு பயிரிடப்பட்டிருக்கிறது என்னும் செய்தியை வைத்தே கல்கத்தாவில் விலை ஏறும், இறங்கும். தவறான மதிப்பீடு ஆலை முதலாளிக்கும் உழவனுக்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. அறுவடையை விற்றுத்தான் அடுத்த வேளை என்று நிற்பவனையே அது முதலில் தாக்கும்.

மகலனோபிஸ் இங்கே ஓர் எளிய உத்தியைக் கையாண்டார். ஒரே பகுதியில் ஒரு கூறை எடுப்பதற்குப் பதிலாக, ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இரண்டு கூறுகளை எடுத்தார். இரண்டும் தற்செயல் முறையில் தேர்ந்தவை. ஒவ்வொன்றும் அப்பகுதி முழுவதிலும் பரவியிருப்பவை. முதற்கூறை ஒரு குழு ஆராயும். இரண்டாவதை வேறொரு குழு, முதற்குழுவின் முடிவை அறியாமல் ஆராயும். இறுதியில் ஒரே நாட்டுக்கு இரண்டு மதிப்பீடுகள் கிடைக்கும். இரண்டும் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகி நின்றால், அவ்விலகலே நம் அறியாமையின் அளவு. ஒரு குழு வயலுக்கே போகாமல் மரத்தடியில் அமர்ந்து எண்களை எழுதியிருந்தாலும் அது இங்கே வெளிப்பட்டுவிடும்.

இதன் அருமை எங்கே இருக்கிறது? மதிப்பீட்டின் நம்பகத்தன்மையை அறிய வெளியிலிருந்து ஒரு கோட்பாட்டையோ, இயல்நிலைப் பரவல் என்னும் அனுமானத்தையோ இம்முறை கொண்டுவரவில்லை. திரட்டிய தரவுகளையே இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக்கியது.

முழுக் கணக்கெடுப்பே மேலானது என்று வாதிட்டோர் பலர். 1940களில் வங்காளத்தில் வயல்வயலாக எடுத்த முழுக் கணக்கும், கூறெடுப்பும் அருகருகே நடத்தப்பட்டு, பின்னர் வணிகப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிடப்பட்டன. முழுக் கணக்கு உண்மையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தவறவிட்டிருந்தது. கூறெடுப்பு வணிகக் கணக்கை மிக நெருங்கி நின்றது. செலவோ முழுக் கணக்கின் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆயிரக்கணக்கான பயிற்சியற்ற கைகள் எழுதிய முழுமையைவிட, பயின்ற சில கைகள் எழுதிய சிறு கூறு மெய்க்கு அருகில் நின்றது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இந்த அனுபவத்தின் மீது எழுந்ததே.

சுகாத்மேயின் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒரு விவாதத்தைச் சொல்லாமல் கடந்தால் வரலாறு குறைப்பட்டுவிடும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பாண்டுரங்க சுகாத்மே, மிகச் சிறிய அறுவடைத் துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 1946இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காரணம் எளியது. துண்டின் எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே தள்ளுவதா என்னும் ஐயம் வரும்போது, அறுப்பவர் கை இயல்பாக உள்ளே சேர்க்கும். துண்டு சிறுத்தால் பரப்பை நோக்க எல்லையின் விகிதம் கூடும், பிழையும் கூடும்.

இரு குழுக்களும் இதே தவற்றைச் செய்தால் என்னாகும்? இரண்டு மதிப்பீடுகளும் அழகாக ஒத்துப்போகும். இரண்டும் ஒருங்கே தவறாக இருக்கும். ஒரே ஊர்வம்பைக் கேட்டு வந்த இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்வது மெய்யாகிவிடாது. தரவைக் கொண்டே தரவைச் சோதிக்கும் எம்முறைக்கும் இந்த எல்லை உண்டு. தற்செயலால் வரும் ஆட்டத்தை அது அளக்கும். ஒருபக்கச் சாய்வை அளக்காது. பூட்ஸ்ட்ராப் முறைக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

தன் கையே தனக்குதவி

மகலனோபிஸின் உத்தி கடல் கடந்தது. அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங் அதனைப் போற்றித் தம் நூல்களில் விரித்தெழுதினார். பிரிட்டனில் மாரிஸ் கெனூய் 1949இலும் 1956இலும், தரவில் ஒவ்வொரு பகுதியாக விலக்கிவிட்டு மதிப்பீட்டைத் திரும்பத் திரும்பக் கணிக்கும் வழியைக் கண்டார். ஜான் டூக்கி 1958இல் அதனைப் பொதுக் கருவியாக்கி, மடக்குக் கத்தி என்னும் பொருளில் 'ஜாக்நைஃப்' எனப் பெயரிட்டார். இவ்வரிசையில் இறுதியாக வந்தவர் எஃப்ரான். புள்ளியியலாளர் பீட்டர் ஹால் 2003இல் பூட்ஸ்ட்ராப்பின் முன்வரலாற்றை எழுதியபோது ஹப்பக்கையும் மகலனோபிஸையும் அதன் முன்னோர் வரிசையில் வைத்தார்.

பூட்ஸ்ட்ராப் என்பது காலணியின் பின்புறம் இருக்கும் வார். அதைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது மேலைநாட்டு வேடிக்கைப் பேச்சு. தன் கையே தனக்குதவி என்று நாம் சொல்வதற்கு அது நெருங்கி வரும். பெயர் வேடிக்கையானாலும் முறை திட்பமானது. அதை விளக்க நமக்கு ஒரு குடம் போதும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்திருப்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். எவருடைய விருப்பும் வெறுப்பும் தேர்வில் நுழையாதபடி தற்செயலைக் காவல் வைத்த ஏற்பாடு அது.

இப்போது குடத்தில் பெயர்களுக்கு மாறாக நம்மிடமுள்ள அளவீடுகளை எழுதி இடுவோம். ஓர் ஓலையை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை மீண்டும் குடத்திலேயே போட்டுவிடுவோம். குடவோலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. எடுத்த ஓலை திரும்பக் குடத்துக்குப் போகிறது. எத்தனை அளவீடுகள் உள்ளனவோ அத்தனை முறை எடுத்தால் ஒரு புதிய கூறு கிடைக்கும். அதில் சில எண்கள் இருமுறை வரும். சில வராமலே போகும். அதன் சராசரியைக் குறிப்போம். இவ்வாறே ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் சராசரிகள் கிடைக்கும். அவை எவ்வளவு பரவி நிற்கின்றனவோ, அதுவே நம் முதல் சராசரியின் நிச்சயமின்மைக்கு ஓர் அளவு. நாட்டிலிருந்து மறுபடி மறுபடி கூறெடுக்க நமக்கு வசதியில்லை. ஆகவே கையிலுள்ள கூறையே சிறு நாடாகக் கொண்டு அதிலிருந்து எடுக்கிறோம்.

மகலனோபிஸ் காலத்தில் கணக்கிட்டவை மனிதக் கைகளும் மேசைக் கணிப்பொறிகளும். அவர் தரவைச் சில கூறுகளாகப் பிரித்ததோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். எஃப்ரான் காலத்தில் கணினி வந்துவிட்டது. ஆயிரம் முறை குலுக்குவது எளிதாயிற்று. குலுக்கல் மெய்யாகவே சரியான விடையைத் தருமா என்னும் கணிதக் கேள்விக்கு 1981இல் விடை கண்டவர்களுள் ஒருவர் கேசர் சிங். கல்கத்தாவின் அதே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயின்றவர்.

வத்திராயிருப்பில் நான்கு வயல்கள்

சதுரகிரிக்குக் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் கண்மாய்களை நிறைக்க, அக்கண்மாய்களை நம்பி நெல் விளையும் பூமி. மழை ஏமாற்றும் ஆண்டுகளில் பயிர்க் காப்பீடே இங்கு உழவர்க்குக் கடைசிப் பற்றுக்கோடு.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் உழவரின் தனி வயலில் என்ன விளைந்தது என்று பார்த்துப் பொதுவான விளைச்சல் இழப்பீடு வழங்கப்படுவதில்லை. அவர் கிராமம் அடங்கிய காப்பீட்டு அலகின் சராசரியே அடிப்படை. அச்சராசரி பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது. தற்செயலாகத் தேர்ந்த வயலில், நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அலகு கிராம அளவில் இருந்தால், முக்கியப் பயிர்களுக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்று விதி கூறுகிறது. முந்தைய ஏழாண்டுகளில் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரியைக் கொண்டு ஓர் உத்தரவாத விளைச்சல் வகுக்கப்படும். இவ்வாண்டுச் சராசரி அதற்குக் கீழே இறங்கினால், இறங்கிய விகிதத்துக்கு இழப்பீடு, இறங்காவிட்டால் ஒன்றுமில்லை.

விளக்கத்துக்காக நாமே சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். நான்கு சதுரங்களில் 8, 11, 13, 16 கிலோ கிடைத்தன எனக் கொள்க. சராசரி 12 கிலோ. ஹெக்டேருக்கு 4,800 கிலோ. உத்தரவாத விளைச்சல் சதுரத்துக்கு 11.5 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 4,600 கிலோ என்போம். கோட்டைத் தாண்டிவிட்டது, ஊரில் ஒருவருக்கும் இழப்பீடு இல்லை.

இந்நான்கு எண்களையும் குடத்திலிட்டு நான்கு முறை எடுத்துத் திரும்பப் போட்டால், நிகழக்கூடிய வரிசைகள் மொத்தம் 256. கணினி வேண்டாம், மாணவர் ஒருவர் ஒரு மாலையில் தாளிலேயே எழுதிப் பார்த்துவிடலாம். அவற்றுள் 90 வரிசைகளில் சராசரி 11.5 கிலோவுக்குக் கீழே போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! உண்மை விளைச்சல் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவு இது என்று இதைப் படிக்கக்கூடாது. நான்கே வயல்களைக் கொண்டு வரைந்த கோட்டின் எப்பக்கம் ஓர் ஊர் நிற்கிறது என்பது, எந்த நான்கு வயல்கள் அகப்பட்டன என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது என்பதே இதன் பொருள். அன்றியும், இத்தனை சிறிய கூறில் பூட்ஸ்ட்ராப் நிச்சயமின்மையைக் குறைத்தே காட்டும். மெய்யான ஆட்டம் இன்னும் பெரிது.

இந்த ஆட்டம் இருபக்கமும் வெட்டும். பயிர் நன்றாக விளைந்த ஊருக்கு இழப்பீடு போய்ச் சேரவும் வாய்ப்பு உண்டு. மாநில அளவிலான விளைச்சல் மதிப்பீடுகளுக்குத் திட்டப் பிழை கணிக்கும் மரபு நம்மிடம் இருக்கிறது. ஆனால் இழப்பீட்டு வாய்பாட்டில் சராசரி மட்டுமே இடம்பெறுகிறது. அதன் பிழைக்கு அங்கு இடமில்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் 2023 முதல் செயற்கைக்கோள் வழி மதிப்பீடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது பயனுள்ள இரண்டாம் சாட்சி. அதுவும் தன் பிழையளவைச் சொல்லும்போதே சாட்சியம் முழுமை பெறும்.

தலைமடையும் கடைமடையும்

குடத்துக்குள் ஓலைகளை இடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். தலைமடை வயல்களுக்கு முதலில் தண்ணீர், கடைமடைக்கு மிஞ்சியது. அடுத்தடுத்த வயல்களின் விளைச்சல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தலைமடையில் பத்து வயலை அளந்தவர், தம்மிடம் பத்துத் தனிச் செய்திகள் இருப்பதாக எண்ணினால் ஏமாந்துபோவார். மகலனோபிஸ் தம் ஆய்வுகளில் அண்மை வயல்களின் இவ்வொற்றுமையை அளக்கப் பெரிதும் முயன்றார்.

ஒன்றையொன்று சார்ந்த தரவுகளைத் தனித்தனி ஓலையாக்காமல், அடுத்தடுத்தவற்றை ஒரு கட்டாகக் கட்டிக் குடத்திலிட வேண்டும். ஹான்ஸ் கூன்ஷ் 1989இலும், ரெஜினா லியூவும் கேசர் சிங்கும் 1992இலும் இக்'கட்டு' முறையை வகுத்தனர். பங்குச் சந்தை ஆய்வில் இது இன்றியமையாதது. அமளியான நாளைத் தொடர்ந்து அமளியான நாளே வரும். நாட்களைத் தனித்தனியே குலுக்கினால் இடரைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

சந்தை தரும் இன்னொரு பாடமும் உண்டு. பழைய விலைகளைப் பார்த்து வாங்கவும் விற்கவும் சொல்லும் விதிகள் பலிக்கின்றனவா என்று 1992இல் பிராக், லக்கோனிஷாக், லெபேரன் ஆகியோர், 1897 முதல் 1986 வரையிலான டவ் ஜோன்ஸ் குறியீட்டைப் பூட்ஸ்ட்ராப் முறையால் சோதித்தனர். விதிகளுக்கு ஆதரவான முடிவே கிடைத்தது. 1999இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் மூவரும் வேறொன்றைக் கேட்டனர்: எத்தனை ஆயிரம் விதிகளைப் புரட்டிய பின் இச்சிறந்த விதி கையில் அகப்பட்டது? தேடலையும் கணக்கில் சேர்த்துக் குலுக்கிப் பார்த்தனர். பழைய காலத்தில் நிலைத்து நின்ற சிறந்த விதி, 1987க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கைகொடுக்கவில்லை. ஆயிரம் சோற்றைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, வெந்த ஒன்றை மட்டும் காட்டுபவரை நம்பலாகாது என்பதே இதன் சாரம்.

எண்ணுக்கும் சாட்சி வேண்டும்

ஹப்பக்கின் நெல் வயல் தொடங்கி எஃப்ரானின் கணினி வரை ஓடும் இழை ஒன்றுதான். ஓர் எண்ணைச் சொல்பவர், அது எவ்வளவு ஆடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர். அதைச் சொல்ல வேற்றுத் தரவு தேவையில்லை. கையிலுள்ள தரவே, கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்லிவிடும். அதனால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அளந்த கை சாய்ந்திருந்ததா என்பது. அதற்கு வயலில் நிற்கும் கண்களே வேண்டும்.

ஆகவே நம் பக்கத்து ஊர்களில் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில், எந்தப் புல எண் தேர்வானது, எத்தனை கிலோ நின்றது என்பதை ஊரார் நேரில் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. நான்கு எண்கள் கையில் இருந்தால், அவற்றின் சராசரியோடு நின்றுவிடாமல் பரவலையும் எடுத்துக்காட்டி, பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்க முடியும். நம் கல்லூரிகளின் புள்ளியியல் மாணவர்கள் இப்பணியில் உழவர்க்குத் துணைநிற்கலாம். 256 வரிசைகளை எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலைப்பொழுது ஓர் ஊரின் ஓராண்டு உழைப்புக்கு நியாயம் தேடித் தரவும் கூடும்.